தனிப் பாடசாலை: புகலிடமா, புறக்கணிப்பா?

சில மாதங்களுக்கு முன்னர் இலக்கிய வட்டக் கூட்டமொன்று முடிந்து சபையோர் கலைந்த பின்னரும், நாங்கள் ஐந்தாறு பேர் மண்டபத்து வாயிலிலே நின்று பேசிக்கொண்டிருந்தோம். எல்லோரும் ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள். அல்லது என்னைப்போல் அதிலிருந்து இளைப்பாறியவர்கள். பேச்சு எங்கெங்கோ சென்று ஈற்றில் பிறநாட்டுப் பாடசாலைகளிடத்து வந்து நின்றது. அப்பொழுது இளம் ஆசிரியை ஒருவர் என்னை நோக்கி, "மாஸ்டர், அமெரிக்காவிலை தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளையளுக்கெண்டு தனிப் பள்ளிக்கூடம் நடத்தினமாம். அது நல்லதோ, கூடாதோ? நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டார்.

ஒருவர் சிரித்தார். மற்றொருவர், "இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கே வாத்திமார் இல்லை, இதுக்குள்ளை இது வேறையோ" என்றார். பேச்சு அத்துடன் முடிந்து, அவரவர் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டனர்.

அன்று நான் மறுமொழி கூறவில்லை. கூறாமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று. அக்கேள்வியுடன் கூடவே ஒரு முகம் என் கண்முன் வந்து நின்றது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவன் என் வகுப்பிலே படித்தான். தமிழ்க் கட்டுரையில் அவனை விஞ்ச அவ்வகுப்பில் எவரும் இருக்கவில்லை. மென்மையான குரல், நடையும் அவ்வாறே. பாடசாலை நாடகமொன்றில் பெண்வேடம் தாங்கி நடித்தான். அன்று கைதட்டிய மாணாக்கரே மறுநாள் முதல் அவனுக்கொரு பட்டப்பெயர் சூட்டினர். அப்பெயரை ஈண்டு எழுத நான் விரும்பவில்லை. அதனைக் கரும்பலகையிலே எழுதினர். அவனது மேசையிலே செதுக்கினர். இடைவேளையில் அவன் மலசலகூடத்துக்குச் செல்வதில்லை. பாடம் நடக்கும்பொழுதே எழுந்து அனுமதி கேட்பான். அதன் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் முயலவுமில்லை. ஒருநாள் காலை இடாப்பு வாசிக்கையில் அவனுடைய பெயரை நான் கூறியதும், பின்வாங்கிலிருந்து ஒருவன் அப்பட்டப்பெயரை உரத்துச் சொன்னான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. சாதாரணதரப் பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தும் அவன் அதனை எழுதவில்லை.

ஆகவே, அந்த ஆசிரியையின் வினாவுக்கு விடை தேடுவது எனக்குப் பொழுதுபோக்கான காரியமாக இருக்கவில்லை. தேடிப் படித்தவற்றையும் அவற்றால் நான் அடைந்த துணிபையும் ஆசிரிய உலகத்தின் முன் வைக்க விரும்புகின்றேன்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். தம் பாலாரிடத்து ஈர்ப்புக் கொள்வோரும், இரு பாலாரிடத்தும் ஈர்ப்புக் கொள்வோரும், பிறப்பிலே குறிக்கப்பட்ட பால் தம் உள்ளுணர்வோடு இசையாதோரும் எக்காலத்திலும் எச்சமூகத்திலும் இருந்தே வந்துள்ளனர். தன்பாலீர்ப்பை அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது; உலக சுகாதார நிறுவனம் 1990இல் நீக்கியது. எனவே இது மருந்து கொடுத்து மாற்றவேண்டிய பிணி என்ற வாதத்துக்கு இன்று மருத்துவத்தில் இடமில்லை. அத்தகைய பிள்ளையை எங்கே இருத்திப் படிப்பிப்பது என்பதே நம்முன் உள்ள வினா.

இதற்கு உலகிலே முதன்முதல் பெரிதும் பேசப்பட்ட விடை நியூயோர்க் நகரிலே பிறந்தது. 1979ஆம் ஆண்டு, பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன்பாலீர்ப்பு உடையவன் என்பதற்காக, தான் அடைக்கலம் புகுந்திருந்த விடுதியிலே தாக்கப்பட்டு வெளியே துரத்தப்பட்டான். இச்செய்தி எமரி ஹெற்றிக் என்ற உளமருத்துவரையும் டேமியன் மாட்டின் என்ற பேராசிரியரையும் உலுக்கியது. இருவரும் கூடி இத்தகைய இளைஞரைப் பாதுகாக்க ஒரு நிறுவனத்தை அமைத்தனர். பின்னர் அவர்களுடைய பெயராலேயே அது ஹெற்றிக்-மாட்டின் நிலையம் என வழங்கலாயிற்று. அங்கு வந்த பிள்ளைகள் பலர் பாடசாலையை விட்டு ஓடியவர்கள். அடியும் ஏச்சும் தாங்காது நின்றுவிட்ட இவர்களை மீண்டும் அதே வகுப்புக்கு அனுப்புவது ஆகாத காரியமாயிருந்தது. ஆதலின் 1985இல் நகரக் கல்விச் சபையின் துணையோடு கிறீனிச் விலேஜ் பகுதியிலுள்ள ஒரு மெதடிஸ்தத் தேவாலயத்தில் வகுப்பொன்று ஆரம்பமாயிற்று. மாணாக்கர் ஏறத்தாழ 20 பேர், ஆசிரியர் ஒருவர். பிரெட் கோல்ட்ஹேபர் என்ற அந்த ஆசிரியரே எல்லாப் பாடங்களையும் கற்பித்தார்.

அந்த வகுப்புக்கு ஹாவி மில்க் உயர்தரப் பாடசாலை என்று பெயரிட்டனர். ஹாவி மில்க் யார் என்பதை நம் ஆசிரியர்கள் அறிதல் நன்று. அவர் 1977இல் சான் பிரான்சிஸ்கோ நகரசபைக்குத் தெரிவானார். தம்மைத் தன்பாலீர்ப்பு உடையவர் என வெளிப்படையாகக் கூறிக்கொண்டு அமெரிக்காவில் தேர்தலில் வென்ற முதல்வர் சிலருள் ஒருவர். 1978இல் கலிபோர்ணியா மாநிலத்தில் ஒரு பிரேரணை மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. தன்பாலீர்ப்பு உடையோரையும் அவர்களுக்கு ஆதரவாகப் பேசுவோரையும் அரசாங்கப் பாடசாலைகளின் ஆசிரியப் பதவியிலிருந்து நீக்க வழிசெய்வதே அதன் நோக்கம். அதற்கெதிராக ஊர் ஊராகச் சென்று வாதாடியவர்களுள் மில்க் முன்னணியில் நின்றார். நவம்பர் 7ஆந் திகதி அப்பிரேரணை தோற்றது. இருபது நாட்கள் கழிந்து, நவம்பர் 27ஆந் திகதி, நகர முதல்வர் ஜோர்ஜ் மொஸ்கோனியுடன் அவரும் நகரமண்டபத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசிரியருக்காகப் போராடியவரின் பெயரை ஒரு பாடசாலை தாங்கியமை பொருத்தமே.

பதினெட்டு ஆண்டுகள் அவ்வகுப்பு அதிக சந்தடியின்றி நடந்தது. 2003இல் நகர நிர்வாகம் 32 இலட்சம் டொலர் செலவிட்டுக் கட்டடத்தை விரிவாக்கி, ஏறத்தாழ 100 மாணாக்கருடன் அதனை முழு அளவிலான உயர்தரப் பாடசாலையாக்கியது. பின்னர் 170 பேர்வரை சேர்ப்பது திட்டம். அப்போதுதான் நாடெங்கும் வாதம் மூண்டது. மாநிலச் செனற்றர் ரூபன் டியாஸ் நீதிமன்றம் சென்றார். பொதுப் பணத்தில் ஒரு பகுதியினருக்கு மாத்திரம் பாடசாலை நடத்துவது பாகுபாடு என்பதும், வறிய பிள்ளைகள் படிக்கும் எத்தனையோ பாடசாலைகள் சீரழிந்து கிடக்க இதற்குச் செலவிடுவது முறையன்று என்பதும் அவரது வாதம். ஈற்றில் இணக்கம் ஏற்பட்டு, எந்த மாணாக்கரும் ஈர்ப்பு வேறுபாடின்றி அங்கு சேரலாம் என்பது உறுதியாக்கப்பட்டது. அப்பாடசாலைக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழிவந்தோருமே என்பதையும் குறிப்பிடல் வேண்டும். ஏழைப் பிள்ளைகளின் பங்கைப் பறித்து வேறு யாருக்கோ கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அதனால் வலுவிழக்கின்றது.

இனி, தனிப் பாடசாலை வேண்டும் என்போர் கூறும் நியாயத்தை நோக்குவோம்.

விஸ்கொன்சின் மாநிலத்திலே ஆஷ்லண்ட் என்ற சிற்றூரில் ஜேமி நபோஸ்னி என்ற சிறுவன் படித்தான். அவன் தன்பாலீர்ப்பு உடையவன் என்பது தெரிந்த நாள்முதல் சக மாணாக்கர் அவனை ஆண்டுக்கணக்காக வதைத்தனர். ஏசினர், உமிழ்ந்தனர், மலசலகூடத்திலே தள்ளி அவன்மேல் சிறுநீர் கழித்தனர், வயிற்றில் உதைத்ததனால் உள்ளே குருதி பெருகிச் சத்திரசிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. அவனும் பெற்றோரும் அதிபரிடம் திரும்பத் திரும்ப முறையிட்டும் பயன் விளையவில்லை. அவன் தற்கொலைக்கு முயன்றான். பின்னர் பாடசாலையை விட்டு நீங்கினான். 1996இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, ஏனைய மாணாக்கருக்கு அளிக்கும் பாதுகாப்பை இவனுக்கு மறுத்த பாடசாலை அதிகாரிகள் சட்டத்துக்குப் பொறுப்புக் கூறவேண்டியவர்கள் எனத் தீர்த்தது. முடிவில் 9 இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டனர்.

நீதி கிடைத்தது, மெய்தான். ஆனால் அது கிடைத்த காலை அவன் பாடசாலை வயதைக் கடந்துவிட்டான். தனிப் பாடசாலை வேண்டும் என்போரின் வாதம் முழுவதும் இவ்வொன்றினுள் அடங்கும். சமூகம் திருந்தும் வரை காத்திருக்கலாம். பதினைந்து வயது காத்திருக்குமா? பொதுப் பாடசாலை பத்து ஆண்டுகளில் சீராகிவிடும் என்பது உண்மையாயினும், இந்த ஆண்டு பரீட்சைக்கு அமரவேண்டிய பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? வீடு தீப்பற்றி எரிகையில் உள்ளிருப்பவனை வெளியே இழுப்பதே முதற் கருமம்.

எதிர்வாதங்களும் இலேசானவை அல்ல. அவற்றுள் மிகக் கனமானது அமெரிக்க வரலாற்றிலிருந்தே எழுகின்றது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் வெவ்வேறு பாடசாலைகள் இருப்பினும் அவை சமமாயின் குற்றமில்லை என்ற கொள்கை அந்நாட்டில் 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து நிலைபெற்றிருந்தது. 1954 மே 17ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதனைத் தகர்த்து, கல்வியில் பிரித்துவைத்தல் தன் இயல்பாலேயே சமத்துவத்துக்கு முரணானது என்று கூறியது. அத்துணை பாடுபட்டு இடித்த சுவரை, இரக்கத்தின் பெயரால் மீண்டும் எழுப்புவதா என்று கேட்டவர்களுள் தன்பாலீர்ப்பு உடையோருக்கு முற்றிலும் ஆதரவானவர்களும் இருந்தனர். சிக்காகோ நகரில் 2008இல் இத்தகைய பாடசாலையொன்றைத் தொடங்க முனைந்தபொழுது, நகர முதல்வர் டேலி, பிள்ளைகளைத் தனிமைப்படுத்துவது தகுமோ என ஐயுற்றார். பல திசைகளிலிருந்தும் எதிர்ப்பு வர, திட்டம் தீட்டியவர்களே அதனை மீளப்பெற்றனர்.

இவ்வாதத்தை நான் பலமுறை சிந்தித்தேன். 1954இல் இடிக்கப்பட்டது சட்டம் எழுப்பிய சுவர். பிள்ளையை உள்ளே வரவிடாது தடுத்த சுவர். நியூயோர்க்கிலே எவரையும் சட்டம் அங்கு அனுப்பவில்லை, விரும்பியவர் வந்தனர். இவ்வேறுபாடு பெரிது. ஆனால் அதனோடு ஒரு கேள்வியையும் கேட்டாதல் வேண்டும். துரத்தப்பட்டவன் ஓடிச்சென்று ஒதுங்கிய இடத்தை, அவன் விரும்பித் தெரிந்தெடுத்த இடம் என்று கூறுதல் முற்றும் பொருந்துமா? அடித்தவன் தன் வாங்கிலேயே இருக்கின்றான். அடிபட்டவனே எழுந்து போகின்றான். அடித்தவன் இதனால் கற்றுக்கொள்ளும் பாடம் யாது? தனக்குப் பிடியாதவனை வருத்தினால் அவன் போய்விடுவான் என்பதேயன்றோ!

இரண்டாவது எதிர்வாதம் கணக்கைப் பற்றியது. 2003இல் நியூயோர்க் நகரப் பொதுப் பாடசாலைகளில் ஏறத்தாழ 11 இலட்சம் பிள்ளைகள் படித்தனர். ஹாவி மில்க் பாடசாலையில் இடம் 170 பேருக்கு. ஆக, இத்தகைய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எப்படியும் பொதுப் பாடசாலையிலேயே இருப்பர். தனிப் பாடசாலை ஒன்றைத் திறந்துவிட்டோம், கடமை முடிந்தது என்று நிர்வாகம் கைகழுவினால் அந்தப் பெரும்பாலோரின் கதி என்ன? "உனக்கென்று ஓர் இடம் இருக்கிறதே, அங்கே போ" என்று அதிபர் ஒருவர் சொல்லுவதற்கும் அது வழிகோலக் கூடும்.

மூன்றாவது, பணம். அற்லாண்டா நகரில் 2016இல் கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலையாக இத்தகைய முயற்சியொன்று சிலரைக் கொண்டு தொடங்கியது; 2018இல் மூடப்பட்டது. வசதியுள்ள பெற்றோர் பிள்ளையைப் புரிந்துகொள்வதும், புரிந்துகொண்ட பெற்றோரிடம் வசதி இருப்பதும் எப்போதும் ஒருங்கே அமைவதில்லை. வீட்டாலும் துரத்தப்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் கட்டுவார் யார்? பொதுப் பணத்தில் நடக்கும் பாடசாலைகளே நிலைத்துள்ளன. ரொறன்ரோ நகரக் கல்விச் சபை 1995இல் தொடங்கிய முக்கோண வகுப்பு அதற்கொரு சான்று. அலபாமா மாநிலத்தில், பேர்மிங்ஹாம் நகரை அடுத்து, முதலில் அனுமதி மறுக்கப்பட்டுப் பின்னர் 2021இல் திறக்கப்பட்ட பாடசாலை மற்றொன்று.

வேறொரு பாதையும் உண்டு. நியூயோர்க் வகுப்புக்கு ஓராண்டு முன்னரே, 1984இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெயர்பக்ஸ் உயர்தரப் பாடசாலையில் வேர்ஜீனியா உறீபே என்ற ஆசிரியை அதனைத் தொடங்கினார். அவர் பாடசாலைக்கு வந்து சேர்ந்த மாணாக்கன் ஒருவன், அடியும் ஏச்சும் தாங்காது படிப்பை விட்டு நீங்கினான். அதனைக் கண்ட அந்த ஆசிரியை, மதிய இடைவேளையிலே தம் வகுப்பறைக் கதவைத் திறந்துவைத்து, இத்தகைய பிள்ளைகள் வந்து அமர்ந்து பேச இடங்கொடுத்தார். அதுவே வளர்ந்து 'திட்டம் 10' எனப் பெயர்பெற்றது. அதற்குத் தனிக் கட்டடம் வேண்டியிருக்கவில்லை. கூடுதல் பணமும் வேண்டியிருக்கவில்லை. 1988இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பாடசாலையொன்றில், இத்தகைய மாணாக்கரும் அவர்களுக்குத் தோழமையான ஏனைய மாணாக்கரும் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தனர். அம்மாதிரியைப் பின்பற்றி அமெரிக்காவெங்கும் ஆயிரக்கணக்கான சங்கங்கள் தோன்றின. 1993இல் அதே மாநிலம் அரசாங்கப் பாடசாலைகளில் இத்தகைய மாணாக்கரைப் பாகுபாடு செய்வதைச் சட்டத்தால் தடுத்தது.

இவ்வாறு இரு பாதைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரேவகைத் துயரிலிருந்து பிறந்தன. ஒரு சாரார் பிள்ளையை வெளியே எடுத்தனர். உறீபே பாடசாலைக்குள்ளேயே இடமுண்டாக்கினார். இரண்டையும் தொடங்கியோர் ஒரு பிள்ளை போய்விட்டதைக் கவனித்தவர்கள் என்பதை நான் நெஞ்சிலே குறித்துக்கொண்டேன்.

நமது அயல்நாடுகளிலும் இம்முயற்சிகள் இல்லாமலில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் மூன்றாம் பாலினத்தாரின் உரிமைகளை ஏற்றது. 2011ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி, ஆண், பெண் என்ற பகுப்பினுள் அடங்காதோராகப் பதியப்பட்டோர் ஏறத்தாழ 4 இலட்சத்து 88 ஆயிரம் பேர். அவர்களுள் எழுத்தறிவு உடையோர் நூற்றுக்கு 56 பேரளவில். நாட்டின் பொதுவீதமோ நூற்றுக்கு 74. இவ்விடைவெளியை நிரப்பும் நோக்குடன் 2016 டிசம்பரில் கேரளத்துக் கொச்சி நகரில் சகஜ் என்ற கல்வி நிலையம் திறக்கப்பட்டது. இளமையிலே படிப்பை இழந்த திருநங்கையரும் திருநம்பியரும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகளை எழுத உதவுவதே அதன் நோக்கம். 2021இல் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண அரசாங்கம் முல்தான் நகரிலே மாறிய பால்நிலையினருக்கென ஒரு பாடசாலையைத் திறந்தது. இவற்றுக்கும் நியூயோர்க் பாடசாலைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இங்கு வருவோரில் பலர் வளர்ந்தோர். பொதுப் பாடசாலை பல ஆண்டுகளுக்கு முன்னரே கைவிட்டவர்கள். இழந்த கல்வியை ஈடுசெய்யும் இந்நிலையங்களைக் குறைகூற எவராலும் இயலாது. ஆயினும் இவற்றின் ஒவ்வொரு வாங்கும், முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு பொதுப் பாடசாலையில் வெறுமையான ஒரு வாங்கையே நினைவூட்டுகின்றது.

வாங்கு என்றதும் நம் மண்ணின் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் நிலத்திலே இருந்து படித்த காலம் ஒன்று இருந்தது. 1929இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் அளித்தல் வேண்டும் எனப் பணிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியது, பாடசாலைகள் சில தீக்கிரையாயின. அக்காலை, "அவர்களுக்கு வேறு பாடசாலை கட்டிக்கொடுத்தால் சச்சரவு இல்லையே" என்று சொன்னவர்களும் இருந்தனர். அம்மக்களுக்கெனத் தோன்றிய பாடசாலைகள் பல பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தன. அவற்றுக்கு நாம் நன்றி கூறவேண்டும். ஆனால் நம் சமூகத்தை ஓரளவேனும் மாற்றியது ஒரே வாங்கிலே இருந்தமைதான். அவ்விரு உண்மைகளையும் நாம் ஒருங்கே ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஒன்றைக் கூறி மற்றதை மறைத்தல் நேர்மையாகாது.

ஆதலின், எனது துணிபு இதுவே: தனிப் பாடசாலை புகலிடமாக இருக்கும் வரை அது நன்று. உயிருக்கும் படிப்புக்கும் ஆபத்து நேர்ந்த பிள்ளைக்கு அக்கதவு திறந்திருத்தல் வேண்டும். பொதுப் பணத்தில் நடத்தல் வேண்டும். எவரையும் அங்கு செல்லுமாறு வற்புறுத்தலாகாது. எவரையும் 'நீ யார்' என்று விசாரித்து உள்ளே விடுதலும் ஆகாது. மீள விரும்பும் பிள்ளை பொதுப் பாடசாலைக்கு மீள வழி இருத்தல் வேண்டும். பொதுப் பாடசாலையின் கடமைக்கு அது பதிலாகும் அன்றே அது புறக்கணிப்பாகிவிடும். ஒரு நகரில் ஆஸ்பத்திரி இருப்பது நல்லதே. அது நாள்தோறும் நிறைந்து வழியுமாயின் அந்நகரின் குடிதண்ணீரைச் சோதித்தல் வேண்டும்.

நமது நாட்டிலே இத்தகைய தனிப் பாடசாலை பற்றிய பேச்சே எழவில்லை. 1883ஆம் ஆண்டில் பிரித்தானியர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளின் நிழல் நீண்டகாலம் இவ்விடயத்தின்மேல் விழுந்து கிடந்தது. அவற்றைத் திருத்தக் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. சட்டம் செய்வோர் தம் கடமையைச் செய்க. ஆசிரியன் தன் கடமையைச் செய்வதற்குச் சட்டமூலம் எதுவும் தேவையில்லை. இடாப்பிலுள்ள பெயரைத் தவிர வேறு பெயரால் எந்தப் பிள்ளையும் வகுப்பிலே அழைக்கப்படலாகாது என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் உண்டு. இடைவேளையில் மலசலகூடத்துப் பக்கம் ஒருமுறை நடந்து வர அவனுக்குக் கால்கள் உண்டு. பிள்ளை நம்பிச் சொன்னதை ஆசிரியர் அறையிலே சிரிப்புக்கு விருந்தாக்காதிருக்கவும், பிள்ளையைக் கேளாது பெற்றோர் காதில் போடாதிருக்கவும் அவனுக்கு நா அடக்கம் வேண்டும். இவையெல்லாம் சிறியவை. எனினும் நியூயோர்க்கிலே ஒரு பாடசாலை கட்டவேண்டி வந்தது இச்சிறியவை செய்யப்படாமையினாலேயே.

என் மாணாக்கனைப் பற்றி எஞ்சியதைக் கூறி முடிக்கின்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பிலே உறவினர் ஒருவரின் திருமண அழைப்பிதழை அச்சிட ஓர் அச்சகத்துக்குச் சென்றேன். ஒப்புநோக்கிக் கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "சேர்!" என்றார். குரலைக் கொண்டே அறிந்தேன். தலை நரைத்திருந்தது. அழைப்பிதழில் நான் விட்ட இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்தார். தேநீர் வருவித்தார். பழைய ஆசிரியர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார்.

இலக்கிய வட்டத்து வாயிலில் அக்கேள்வி எழுந்த பின்னர், அடுத்தமுறை கொழும்பு சென்றபொழுது அவரைத் தேடிச் சென்றேன். நியூயோர்க் பாடசாலையின் கதையைச் சொன்னேன். "அந்த நாளையிலை அப்பிடியொரு பள்ளிக்கூடம் இஞ்சை இருந்திருந்தால் நீர் போயிருப்பீரோ?" என்று கேட்டேன்.

அவர் உடனே விடை கூறவில்லை. கையிலிருந்த படியை மடித்து வைத்தார்.

"அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போற பஸ்ஸிலை ஏறேக்கையே ஊர் முழுக்க நிண்டு பாக்கும், சேர். அம்மாவும் விட்டிருக்க மாட்டா" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனால் சோதினை எழுதியிருப்பன்" என்றார்.

இடாப்பு வாசித்த அந்தக் காலைப்பொழுதைப் பற்றி அவரிடம் பேசவேண்டும் என்றே நான் சென்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாது தடுமாறி, "அண்டைக்கு வகுப்பிலை நானும் சிரிச்சனான்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும், சேர்" என்றார் அவர்.

தனிப் பாடசாலை நல்லதா, கூடாதா என்று என்னைக் கேட்ட அந்த இளம் ஆசிரியைக்கு நான் கூறும் மறுமொழியும் இதிலேயே இருக்கின்றது. அத்தகைய பாடசாலை ஒன்று அன்று இருந்திருப்பின் அவர் பரீட்சை எழுதியிருப்பார். அன்று காலை நான் சிரியாது இருந்திருப்பினும் எழுதியிருப்பார்.